செவ்வாய்க் குடியேற்றக் காலம் (தி மார்சியன் குரோனிக்கிள்ஸ்)

செவ்வாய்க் குடியேற்றக் காலம் என்பது, அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி எழுதிய தி மார்சியன் குரோனிக்கிள்ஸ் (பொருள்: செவ்வாய்க் கோளின் காலக்குறிப்புகள்) என்னும் அறிபுனை நூலில் வரும் கற்பனைக் காலப்பகுதி ஆகும். 1950 ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்பதிப்பின்படி இக்காலம் 1999 ஜனவரியில் தொடங்கி 2026 அக்டோபரில் முடிகிறது. பழமையான நாகரிகம் ஒன்று ஏற்கெனவே வாழ்ந்து வரும் செவ்வாய்க் கோளில் புவி மனிதர் குடியேறுவதும், அந்நாகரிகம் அழிவதும், பின்னர் புவியில் மூளும் அணுப்போரினால் அக்குடியேற்றமே கைவிடப்படுவதும் இக்காலத்தின் முக்கிய நிகழ்வுகள்.

வேற்றுலகக் குடியேற்றம் பற்றிய பெரும்பாலான கதைகளில் போர் இடம்பெறும். இந்நூலில் மனிதருக்கும் செவ்வாய் மக்களுக்கும் இடையே போர் எதுவும் நடைபெறுவதில்லை. செவ்வாய் மக்களுள் மிகப் பெரும்பாலானோர் மனிதர் அறியாமல் கொண்டு சென்ற சின்னம்மை நோயால் மடிகின்றனர். அவர்களின் மலைகளும் ஆறுகளும் புதிய பெயர்களைப் பெறுகின்றன. நோயும் பெயரிடுதலுமே இந்நூலில் வெற்றிகொள்ளும் கருவிகள். இதனால் இந்நூல் ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களில் குடியேறிய வரலாற்றின் உருவகமாகப் பரவலாக வாசிக்கப்படுகிறது.

நூலின் தோற்றம்

ரே பிராட்பரி (1920-2012) இலினொய் மாநிலத்தின் வாகீகன் நகரில் பிறந்தவர். 1940களில் அவர் செவ்வாய்க் கோளைக் களமாகக் கொண்ட பல சிறுகதைகளை மலிவு விலை இதழ்களில் வெளியிட்டு வந்தார். நூலின் இறுதிக் கதையான "பத்து இலட்சம் ஆண்டுச் சிற்றுலா" 1946 இலேயே பிளானட் ஸ்டோரீஸ் இதழில் வெளிவந்துவிட்டது. மூன்றாம் பயணக்குழு பற்றிய கதையும், நான்காம் பயணக்குழு பற்றிய கதையும் 1948 இல் வெளிவந்தன.

1949 இல் பிராட்பரி தமது சிறுகதைகளை நூலாக வெளியிடும் நோக்கில் நியூயார்க் சென்றார். பதிப்பாளர்கள் சிறுகதைத் தொகுப்புகளை விரும்பவில்லை, புதினங்களையே கேட்டனர். டபுள்டே பதிப்பகத்தின் ஆசிரியரான வால்ட்டர் பிராட்பரி (இவர் எழுத்தாளரின் உறவினர் அல்லர்) செவ்வாய்க் கதைகளை இணைத்து ஒரே நூலாக்கலாம் என ஆலோசனை கூறினார். அதன்படி பிராட்பரி கதைகளைக் கால வரிசையில் அடுக்கி, அவற்றுக்கு இடையே குறும்பகுதிகளை எழுதிச் சேர்த்தார். ஒரு சிற்றூரின் மக்களைத் தனித்தனிக் கதைகளில் காட்டும் சேர்வுட் அண்டர்சனின் வைன்ஸ்பர்க், ஒகையோ (1919) என்ற நூல் தமக்கு முன்மாதிரியாக இருந்ததாகப் பிராட்பரி குறிப்பிட்டுள்ளார். பிரித்தானியாவில் இந்நூல் 1951 இல் "வெள்ளி வெட்டுக்கிளிகள்" என்று பொருள்படும் தலைப்பில் வெளியிடப்பட்டது.

செவ்வாய் மக்கள்

நூலில் வரும் செவ்வாய் மக்கள் பழுப்பு நிறத் தோலும் தங்கக் காசு போன்ற கண்களும் உடையவர்கள். வற்றிய கடல்களின் கரையில் பளிங்குத் தூண்கள் கொண்ட வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களின் நூல்கள் உலோகத்தால் ஆனவை. பக்கங்களின் மேல் கையை ஓட்டினால் அவை பாடுகின்றன. பிறர் எண்ணங்களை அறியும் ஆற்றலும், தம் உருவைப் பிறர் விரும்பும் உருவாகத் தோன்றச் செய்யும் ஆற்றலும் அவர்களுக்கு உண்டு.

இவர்களைக் குறையற்ற மக்களாகப் பிராட்பரி காட்டவில்லை. "யில்லா" என்ற கதையில் வரும் கணவன், தன் மனைவி கனவில் காணும் புவி மனிதன் மீது பொறாமை கொண்டு, அவன் வந்து இறங்கியதும் சுட்டுக் கொல்கிறான். மற்றொரு கதையில், புவியில் இருந்து வந்திருப்பதாகக் கூறுவோரைச் செவ்வாய் அதிகாரிகள் மனநோயாளிகள் என முடிவு செய்து அடைத்து வைக்கின்றனர். பொறாமை, அலுவலக அலட்சியம், சலிப்பு ஆகிய குணங்கள் இரு உலகத்தாருக்கும் பொதுவானவையாகவே உள்ளன.

நிகழ்வுகளின் காலவரிசை

கீழுள்ள ஆண்டுகள் முதற்பதிப்பின்படி தரப்பட்டுள்ளன.

1999 ஜனவரி - முதல் ஏவூர்தி ஒகையோ மாநிலத்தில் இருந்து புறப்படுகிறது. அதன் அனல் பனிக்காலத்தைச் சில கணங்களுக்குக் கோடையாக்குகிறது.
1999 பெப்ரவரி - நத்தானியேல் யார்க் தலைமையில் முதற் பயணக்குழு வருகை. குழுவினர் கொல்லப்படுகின்றனர்.
1999 ஆகஸ்ட் - இரண்டாம் குழு மனநோயாளிகள் எனக் கருதப்பட்டுக் கொல்லப்படுகிறது.
2000 ஏப்ரல் - மூன்றாம் குழுவின் அழிவு.
2001 ஜூன் - கேப்டன் வைல்டர் தலைமையில் நான்காம் குழு வருகை. செவ்வாய் மக்கள் நோயால் அழிந்துவிட்டமை தெரியவருகிறது.
2001 ஆகஸ்ட் - குடியேற்றம் தொடங்குகிறது.
2002 பெப்ரவரி - ஏவூர்திகள் வெட்டுக்கிளிக் கூட்டம் போல் வருகின்றன. ஆறு மாதங்களில் பன்னிரண்டு சிறு நகரங்கள் எழுகின்றன. ஏறத்தாழ 90,000 பேர் குடியேறுகின்றனர்.
2004-2005 - இடங்களுக்குப் புதிய பெயர்கள் சூட்டப்படுகின்றன.
2005 நவம்பர் - புவியில் அணுப்போர் மூளுகிறது. குடியேறிகளுள் பெரும்பாலானோர் புவிக்குத் திரும்புகின்றனர்.
2026 ஆகஸ்ட் - புவியில் கலிபோர்னியாவின் அலண்டேல் நகரில் ஆளில்லாத தானியங்கி வீடு ஒன்று எரிந்து அழிகிறது.
2026 அக்டோபர் - எஞ்சிய ஒரு குடும்பம் செவ்வாய்க்கு வந்து சேர்கிறது.

முதல் மூன்று பயணக்குழுக்கள்

முதல் மூன்று குழுக்களும் செவ்வாய் மக்களால் அழிக்கப்படுகின்றன. இவற்றுள் மூன்றாம் குழுவின் கதை புகழ்பெற்றது. கேப்டன் ஜான் பிளாக் தலைமையில் இறங்கும் 16 பேரும் தம் இளமைக்கால அமெரிக்கச் சிற்றூரையே அங்குக் காண்கின்றனர். இறந்துபோன பெற்றோரும் உடன்பிறந்தோரும் அவர்களை வரவேற்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் "வீட்டில்" உறங்கச் செல்கின்றனர். இவை அனைத்தும் தம் நினைவுகளில் இருந்து எடுக்கப்பட்ட தோற்றங்களாக இருக்கலாம் என்று கேப்டன் உணரும்போது காலம் கடந்துவிடுகிறது. மறுநாள் காலை அச்சிற்றூரில் 16 சவப்பெட்டிகள் அடக்கம் செய்யப்படுகின்றன.

செவ்வாய் மக்களின் எதிர்ப்பு என்று கூறத்தக்கது இது ஒன்றே. அவர்கள் மனிதரின் ஏக்கத்தையே ஆயுதமாகப் பயன்படுத்தினர். ஆயினும் அதே மனிதர்கள் சுமந்து வந்த நோயை அவர்களால் தடுக்க இயலவில்லை.

நான்காம் பயணக்குழுவும் ஸ்பெண்டரும்

இந்நூலின் மையப் பகுதியாகக் கருதப்படுவது நான்காம் பயணக்குழுவின் கதை. குழுவின் மருத்துவரான ஹாத்தவே செவ்வாய் நகரங்களை ஆய்வு செய்கிறார். சில நகரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வெறுமையானவை. ஆனால் ஒன்றில் அண்மையில் இறந்தோரின் உடல்கள் கிடக்கின்றன. அவர்கள் சின்னம்மையால் இறந்தனர் என்பதை அவர் கண்டறிகிறார். புவியில் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வந்து தானே குணமாகும் நோய் ஒன்று, எதிர்ப்பாற்றல் அற்ற ஓர் இனத்தையே அழித்துவிடுகிறது.

இச்செய்திக்குக் குழுவினர் காட்டும் எதிர்வினைகள் மாறுபடுகின்றன. பிக்ஸ் என்பவர் குடித்துவிட்டு வெற்றுப் புட்டிகளைக் கால்வாயில் எறிந்து, அக்கால்வாய்க்குத் தன் பெயரையே சூட்டுகிறார். தொல்லியல் ஆர்வமுள்ள ஜெஃப் ஸ்பெண்டர் இதனைக் கண்டு வெறுப்புற்றுக் குழுவை விட்டு விலகுகிறார். செவ்வாய் மக்களின் நூல்களைக் கற்று, தம்மைக் கடைசிச் செவ்வாய்வாசி என அறிவித்துக்கொண்டு திரும்பி வந்து, தம் தோழர்களைச் சுடுகிறார்.

ஸ்பெண்டரின் வாதம் அறிவார்ந்தது. கலை, சமயம், அறிவியல் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று முரணின்றிப் பேணிய மக்கள் செவ்வாய் மக்கள் என்றும், புவி மனிதர் இக்கோளையும் குப்பைமேடாக்குவர் என்றும் அவர் கூறுகிறார். மெக்சிகோவில் கோர்ட்டெஸ் செய்த அழிவை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். ஆயினும் அவரது செயல் கொலையே. அவர் சுடுவோருள் செரோக்கி என்ற பூர்வகுடி அமெரிக்க மரபினரும் ஒருவர். தம் பாட்டனார் வழியாக நிலமிழந்த மக்களின் துயரை அறிந்த செரோக்கி, செவ்வாய் மக்களின் மீது பரிவு உண்டு என்று கூறியவர். ஆனால் கொலையை ஏற்க அவரால் இயலவில்லை. இழந்தோரின் பெயரால் எடுக்கப்படும் துப்பாக்கி இழந்தோரின் வழித்தோன்றலையே கொல்கிறது என்ற முரணை ஆசிரியர் விளக்காமல் விட்டுவிடுகிறார்.

கேப்டன் வைல்டர், ஸ்பெண்டரின் கருத்துகளோடு பெரிதும் உடன்பட்டும் அவரைச் சுட்டுக் கொல்ல நேர்கிறது. பின்னர் அவரைச் செவ்வாய் மக்களின் கல்லறை ஒன்றில் மதிப்புடன் அடக்கம் செய்கிறார். குழுவைச் சேர்ந்த சாம் பார்க்கில் மறுநாளே செவ்வாய் நகரின் பளிங்குச் சன்னல்களைக் குறிபார்த்துச் சுட்டு விளையாடுகிறார். வைல்டர் அவரைப் பற்கள் உதிர அடிக்கிறார்.

குடியேற்றத்தின் இயல்பு

குடியேறிகள் அலைகளாக வருகின்றனர். முதலில் எல்லைப்புற வாழ்வுக்குப் பழகியோரும், அடுத்து நெரிசல் மிக்க நகரக் குடியிருப்புகளில் இருந்து வந்தோரும் வருகின்றனர். இவர்கள் அனைவரும் அமெரிக்கர்கள். உலகின் பிற நாடுகள் போரிலோ போர் பற்றிய எண்ணங்களிலோ மூழ்கி இருந்ததாக நூல் கூறுகிறது.

செவ்வாயைச் செவ்வாயாகவே ஏற்க இவர்கள் விரும்புவதில்லை. ஓரெகன், கலிபோர்னியா மாநிலங்களில் இருந்து மரம் கொண்டு சென்று, புவியில் விட்டு வந்தது போன்ற ஊர்களையே கட்டுகின்றனர். பெஞ்சமின் டிரிஸ்கல் என்பவர் மூச்சுக்காற்றுக்காக மரக்கன்றுகள் நடுகிறார். ஓரிரவு மழையில் அவை பெருமரங்களாகின்றன. நன்மையாகத் தோன்றும் இச்செயலும் வேறோர் உலகைப் புவியாக மாற்றும் முயற்சியே.

"இசைக்கலைஞர்கள்" என்ற குறும்பகுதி இக்காலத்தின் கொடுமையை மிக எளிதாகக் கூறுகிறது. சிறுவர்கள் இறந்த நகரங்களுக்குள் ஓடி, சருகு போல் நொறுங்கிக் கிடக்கும் உடல்களிடையே விளையாடி, விலா எலும்புகளை இசைக்கருவி போல் தட்டுகின்றனர். தீயணைப்பாளர் எனப்படுவோர் பின்னாலேயே வந்து அந்நகரங்களை எரித்துத் தூய்மை செய்கின்றனர். சிறுவர்களிடம் பகைமை ஏதும் இல்லை. அங்கு வாழ்ந்தோரைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது என்பதே உண்மை.

பெயரிடுதல்

"பெயர்களுக்குப் பெயரிடல்" என்ற குறும்பகுதி, பழைய செவ்வாய்ப் பெயர்கள் நீக்கப்பட்டதைக் கூறுகிறது. நீர், காற்று, மலை ஆகியவற்றைச் சுட்டிய பெயர்கள் அவை. அவற்றின் இடத்தில் முதற்கண் பயணக்குழுவினரின் பெயர்கள் வருகின்றன. ஸ்பெண்டரின் பெயரும் ஒரு குன்றுக்குச் சூட்டப்படுகிறது. பெயரிடுதலை எதிர்த்து உயிர்விட்டவரின் பெயரே நிலப்படத்தில் இடம்பெறுவது இங்குக் குறிப்பிடத்தக்கது. பின்னர் இரும்பு, எஃகு முதலிய தொழிற்பொருள்களின் பெயர்கள் இடப்படுகின்றன. பெயர்கள் நிலைபெற்ற பின்னரே அதிகாரிகளும் விதிமுறைகளும் வந்து சேர்கின்றனர். "அஷர் II" என்ற கதையில் புவியில் நூல்களை எரித்த அதிகாரிகள் செவ்வாய்க்கும் வருகின்றனர். இக்கருத்தைப் பிராட்பரி தமது ஃபாரன்ஹீட் 451 (1953) புதினத்தில் விரிவாக்கினார்.

எஞ்சிய செவ்வாய் மக்கள்

ஒருசிலர் மட்டும் மலைகளில் மறைந்து வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவன், மகனை இழந்த முதிய தம்பதியரின் வீட்டுக்கு அம்மகனின் உருவில் வந்து சேர்கிறான். அன்புக்காக ஏங்கும் அவன் நகரத்துக்குச் செல்லும்போது, ஒவ்வொருவரும் தாம் இழந்தவரை அவனிடம் காண்கின்றனர். அனைவரின் விருப்பத்துக்கும் ஏற்ப உருமாற முயன்று அவன் இறக்கிறான். குடியேறிகளிடையே வாழ விரும்பும் பூர்வகுடி தன் முகத்தை இழக்க வேண்டியுள்ளது என்பதை இக்கதை உணர்த்துகிறது.

"இரவுச் சந்திப்பு" என்ற கதையில் தோமாஸ் கோமெஸ் என்ற தொழிலாளியும் ஒரு செவ்வாய்வாசியும் மலைப்பாதையில் சந்திக்கின்றனர். ஒருவர் காணும் இடிபாடு மற்றவருக்கு விளக்கொளி நிறைந்த திருவிழா நகரம். ஒருவருக்கு மற்றவர் ஆவி போலத் தெரிகிறார். எவர் இறந்த காலத்தவர், எவர் எதிர்காலத்தவர் என்பதை முடிவு செய்ய இயலாமல் இருவரும் நட்புடன் பிரிகின்றனர். இரு இனத்தாரும் அச்சமோ பேராசையோ இன்றிப் பேசும் அரிய இடம் இது.

காலத்தின் முடிவு

சாம் பார்க்கில் பின்னாளில் ஓர் உணவுக்கடை திறக்கிறார். எஞ்சிய செவ்வாய் மக்கள் வந்து, கோளின் பாதி நிலத்தை அவருக்கே எழுதிக் கொடுக்கின்றனர். அன்றிரவே வானில் புவி தீப்பற்றி எரிவது தெரிகிறது. அவ்வளவு நிலம் கிடைத்த நாளில் அதற்கு வாடிக்கையாளர் இல்லாமற் போகிறது. வீடு திரும்புமாறு ஒளிச்செய்தி வந்ததும் குடியேறிகள் பயணப்பெட்டிகளை வாங்கிக்கொண்டு புறப்படுகின்றனர். உயிர்ப்பாதுகாப்பு செவ்வாயில் இருந்தும், போர் நடக்கும் இடத்துக்கே அவர்கள் செல்வது, செவ்வாய் அவர்களுக்கு ஒருபோதும் தாயகம் ஆகவில்லை என்பதைக் காட்டுகிறது.

இறுதிக் கதையில், போரில் இருந்து தப்பி வரும் தந்தை ஒருவர், அரசுப் பத்திரங்களையும் உலக நிலப்படத்தையும் எரிக்கிறார். செவ்வாய் மக்களைக் காட்டுவதாகத் தம் பிள்ளைகளுக்கு வாக்களித்திருந்த அவர், அவர்களைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துச் சென்று நீரில் தெரியும் அவர்களின் நிழலுருவையே காட்டுகிறார். புவியைத் துறந்த பின்னரே மனிதர் அங்கு வாழத் தகுதி பெறுகின்றனர் என்பது இதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது.

வரலாற்று ஒப்புமைகள்

1492 க்குப் பின் ஐரோப்பியர் கொண்டு சென்ற பெரியம்மை, தட்டம்மை முதலிய நோய்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பெருமளவில் அழித்தன. 1837 இல் மிசூரி ஆற்றுப் பகுதியில் பரவிய பெரியம்மை மாண்டான் மக்களை ஏறத்தாழ முற்றாக அழித்தது. 1830 இன் பூர்வகுடி வெளியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து செரோக்கி உள்ளிட்ட மக்கள் தம் நிலங்களில் இருந்து அகற்றப்பட்டனர். நூலில் வரும் நோய், வெற்று நிலம் என்ற எண்ணம், பெயர்மாற்றம் ஆகிய மூன்றும் இவ்வரலாற்றில் இருந்து பெறப்பட்டவை.

எச். ஜி. வெல்சின் உலகங்களின் போர் (1898) புதினத்தில் புவியைத் தாக்கும் செவ்வாய்வாசிகள் புவியின் நுண்ணுயிர்களால் மடிகின்றனர். பிராட்பரி இதனைத் தலைகீழாக்கினார். வெல்சிடம் நோய் படையெடுத்தோரைக் கொல்கிறது. பிராட்பரியிடம் படையெடுக்கப்பட்டோரைக் கொல்கிறது. உண்மை வரலாறு இரண்டாவதற்கே நெருக்கமானது.

திறனாய்வு

1950 இல் எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட் எழுதிய பாராட்டு மதிப்புரை, இந்நூலைப் பொது இலக்கிய வாசகர்களிடம் கொண்டு சென்றது. 1955 இல் புவெனஸ் ஐரிசில் வெளிவந்த எசுப்பானிய மொழிபெயர்ப்புக்கு ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் முன்னுரை எழுதினார்.

நூலின் மீது இரு முக்கியக் குறைகள் கூறப்படுகின்றன. முதலாவது, அறிவியல் பிழைகள். நூலில் செவ்வாயின் காற்று மெல்லியதாயினும் மூச்சு விடத்தக்கது. கால்வாய்களில் நீர் ஓடுகிறது. 1877 இல் ஸ்கியாபரெல்லி கண்டதாகக் கூறிய கோடுகளையும், அவற்றைக் கால்வாய்கள் என வாதிட்ட பெர்சிவல் லோவலின் கருத்துகளையும் ஒட்டியது இச்சித்திரிப்பு. தமது நூலை அறிபுனை எனக் கொள்ளாது கற்பனைப் புனைவு என்றே கொள்ளவேண்டும் எனப் பிராட்பரி கூறிவந்தார்.

இரண்டாவது குறை ஆழமானது. செவ்வாய் மக்களின் பேரழிவு கதைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், வாசகர் காணாத இடத்தில் நிகழ்ந்துவிடுகிறது. எவரும் திட்டமிடாத நோய் அழிவைச் செய்வதால் குடியேறிகளின் பொறுப்பு மங்குகிறது. இறுதியில் மனிதரே செவ்வாய்வாசிகள் ஆவது, அழிந்தோரின் இடத்தை மட்டுமன்றி அவர்களின் பெயரையும் எடுத்துக்கொள்வது ஆகும் என்றும் வாதிடலாம். பூர்வகுடிகள் எதிர்த்துப் போராடும் குடியேற்றக் கதைக்கு உர்சுலா லெ குவினின் தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட் (1972) நல்ல எடுத்துக்காட்டு.

பிற்காலப் பதிப்புகளும் தழுவல்களும்

1997 பதிப்பில் நிகழ்வுகள் அனைத்தும் 31 ஆண்டுகள் பின்தள்ளப்பட்டு 2030 முதல் 2057 வரை நிகழ்வதாக மாற்றப்பட்டன. தென் மாநிலக் கறுப்பினத்தவர் செவ்வாய்க்குப் புறப்படுவதைக் கூறும் கதை அப்பதிப்பில் நீக்கப்பட்டது. வேறு இரு கதைகள் சேர்க்கப்பட்டன. 1980 இல் ராக் ஹட்சன் நடித்த மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவின் என்பிசி அலைவரிசையில் ஒளிபரப்பானது. இதற்குத் திரைக்கதை எழுதியவர் ரிச்சர்ட் மத்தீசன்.

உண்மையான செவ்வாய்

1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் அனுப்பிய படங்கள் கிண்ணக்குழிகள் நிறைந்த வறண்ட நிலத்தைக் காட்டின. அங்குள்ள வளிமண்டல அழுத்தம் புவியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவு. கால்வாய்களும் நகரங்களும் கற்பனை என்பது உறுதியானது.

ஆயினும் நூல் எழுப்பிய இரு கேள்விகள் விண்வெளி ஆய்வில் உயிர்ப்புடன் உள்ளன. 1967 இன் விண்வெளி ஒப்பந்தம், பிற கோள்களுக்குத் தீங்கான மாசு கொண்டு செல்வதைத் தவிர்க்குமாறு நாடுகளைக் கோருகிறது. 1976 இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் புறப்படும் முன் வெப்பத்தால் நுண்ணுயிர் நீக்கம் செய்யப்பட்டன. கோளின் இடங்களுக்குப் பெயரிடும் பொறுப்பைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்றுள்ளது. செவ்வாயின் பெரும் பள்ளத்தாக்குகள், பல மொழிகளில் அக்கோளுக்கு வழங்கும் பெயர்களைப் பெறுகின்றன. சமற்கிருதப் பெயர் கொண்ட மங்களா பள்ளத்தாக்கு அவற்றுள் ஒன்று.

2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியது. அவ்வாண்டு ஜூனில் பிராட்பரி மறைந்திருந்தார். அவரது பிறந்த நாளான ஆகஸ்ட் 22 அன்று, ஊர்தி இறங்கிய இடத்துக்கு "பிராட்பரி இறங்குதளம்" என நாசா பெயரிட்டது.

இவற்றையும் பார்க்கவும்

செவ்வாய் (கோள்)
ரே பிராட்பரி
அறிபுனை
அமெரிக்கப் பூர்வகுடிகள்
உலகங்களின் போர்